கிரியோசோட் புதர்: வரலாறும் வளர்ப்பு முறையும்

கிரியோசோட் புதர் என்பது வட அமெரிக்காவின் வெப்பப் பாலைவனங்களில் வளரும், மஞ்சள் நிறப் பூக்கள் பூக்கும் ஒரு பசுமைமாறாப் புதர்ச்செடி. இதன் தாவரவியல் பெயர் லாரியா டிரைடென்டேட்டா. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களிலும் வடக்கு மெக்சிகோவிலும் பரந்த சமவெளிகளை இது நிறைத்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மீட்டர் உயரம் வரை வளரும். பார்வைக்கு மிகச் சாதாரணமான செடி. ஆனால் பூமியில் இன்று உயிரோடிருக்கும் மிக மூத்த தாவரங்களின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

இந்தச் செடியின் வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. வளர்ந்துவிட்ட புதரை வறட்சி எளிதில் கொல்வதில்லை; அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழக்கூடியது. ஆனால் ஒரு புதிய கன்று முளைத்து நிலைபெறுவது பாலைவனத்தில் அரிதாகவே நடக்கிறது. ஆகவே அழிந்த புதர்க்காடு மனித ஆயுள் கணக்கில் திரும்பி வருவதில்லை. இச்செடியைப் பற்றிய ஆய்வுகளும், இதைக் காப்பதற்கான முயற்சிகளும், தோட்டத்தில் இதை வளர்க்கும் முறையும் இந்த ஒரு உண்மையைச் சுற்றியே அமைந்துள்ளன.

பெயரும் குடும்பமும்

கிரியோசோட் என்பது ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் போடப்படும் மரக்கட்டைகள் உளுத்துப் போகாமலிருக்கப் பூசப்படும் கரிய எண்ணெயின் பெயர். அந்த எண்ணெய் மரத்தாரிலிருந்தோ நிலக்கரித் தாரிலிருந்தோ எடுக்கப்படுகிறது. இந்தப் புதருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலைகளின் வாடை அந்த எண்ணெயின் வாடையை நினைவூட்டியதால் ஆங்கிலம் பேசிய குடியேறிகள் இப்பெயரை வைத்தார்கள். மெக்சிகோவில் ஸ்பானிய மொழியில் இதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று 'எதியோந்தியா', நாற்றமடிப்பது என்று பொருள். மற்றொன்று 'கோபெர்னதோரா', ஆட்சி செய்பவள் என்று பொருள். வேறு செடிகளுக்கு இடம் கொடாமல் நிலத்தைத் தன்வசப்படுத்திக்கொள்வதால் இரண்டாவது பெயர் வந்தது.

லாரியா என்ற பேரினப் பெயர், அறிவியலுக்கு ஆதரவளித்த ஸ்பானியப் பாதிரியார் உவான் அந்தோனியோ பெரெஸ் தெ லாரியாவின் நினைவாக வைக்கப்பட்டது. இன்று வழங்கும் முழு அறிவியல் பெயரை 1893-இல் வெளியிட்டவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில். 1891-இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் அவர் பங்கேற்றிருந்தார். அப்பயணத்தின் தாவரவியல் அறிக்கையிலேயே இப்பெயர் இடம்பெற்றது.

இச்செடி சைகோஃபில்லேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த நெருஞ்சியும் இதே குடும்பம்தான். இரண்டுக்கும் ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூ. இரண்டின் காய்களும் முற்றியபின் ஐந்து பகுதிகளாகப் பிரியும். நெருஞ்சிக் காயில் முள் இருக்கும் இடத்தில் கிரியோசோட் காயில் வெண்ணிற மயிர் அடர்ந்திருக்கும். அதனால் காய்த்த புதர் தொலைவிலிருந்து பார்க்கும்போது பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியதுபோலத் தோன்றும்.

தெற்கிலிருந்து வடக்கே

லாரியா பேரினத்தின் மற்ற இனங்கள் தென் அமெரிக்காவில் வாழ்கின்றன. அர்ஜென்டினாவின் வறண்ட நிலங்களில் 'ஹரியா' என்று அழைக்கப்படும் லாரியா டிவரிகேட்டா என்ற புதர், வட அமெரிக்க இனத்துக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு சொல்வது கடினம். தெற்கே தோன்றிய இந்தத் தாவர வகை வடக்கே வந்து சேர்ந்தது என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. இடையில் ஈரமான வெப்பமண்டலக் காடுகள் இருப்பதால் இது நிலவழியே சிறிது சிறிதாகப் பரவியிருக்க முடியாது. வலசை போகும் பறவைகளே விதையைக் கொண்டு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

வடக்கே வந்தபின் இச்செடி பரவிய விதத்தை அதன் குரோமோசோம்கள் காட்டுகின்றன. கிழக்கிலுள்ள சிவாவா பாலைவனத்துப் புதர்களில் 26 குரோமோசோம்கள் உள்ளன. நடுவிலுள்ள சொனோரா பாலைவனத்தில் அது இரு மடங்காகி 52 ஆகிறது. வடமேற்கிலுள்ள மொஹாவி பாலைவனத்தில் மும்மடங்காகி 78 ஆகிறது. பாலைவனத்துக்குப் பாலைவனம் குரோமோசோம் தொகுதி பெருகியிருக்கிறது.

எலி வளைகள் சொன்ன காலம்

இச்செடி எப்போது எங்கே இருந்தது என்பதை அறிய எதிர்பாராத இடத்திலிருந்து சான்று கிடைத்தது. பேக்ரேட் எனப்படும் ஒருவகைக் காட்டெலி, அருகில் கிடைக்கும் இலை, சுள்ளி, விதை அனைத்தையும் இழுத்து வந்து பாறை இடுக்கில் குவித்து வைக்கும். அதன் சிறுநீர் அக்குவியலின் மேல் படிந்து, காய்ந்து, குங்கிலியம்போல் இறுகிவிடும். மழை படாத குகைகளில் இக்குவியல்கள் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருக்கின்றன.

பிலிப் வெல்ஸ், கிளைவ் ஜோர்கென்சன் ஆகிய இருவர் நெவாடாவில் இத்தகைய குவியல்களை ஆராய்ந்து 1964-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இன்று வெறும் பாலைவனமாக உள்ள மலைகளில் பனியூழிக் காலத்தில் ஜூனிப்பர் மரங்கள் வளர்ந்திருந்தன என்று அதிலிருந்து தெரிந்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான குவியல்கள் பிரிக்கப்பட்டு, கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணிக்கப்பட்டது. கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதியை ஒட்டிய தாழ்நிலங்களில் பதினெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரியோசோட் இருந்தது என்பதற்குச் சான்று கிடைத்தது. பனியூழி முடிந்து நிலம் வெப்பமடைந்து வறண்டபோது அது அங்கிருந்து வடக்கு நோக்கி ஏறியது. மொஹாவியின் இன்றைய தோற்றம், புவியியல் கணக்கில் பார்த்தால், மிக அண்மைக் காலத்தது.

பழங்குடிகளின் வாழ்வில்

அரிசோனாவின் அக்கிமெல் ஓதம் மக்களின் படைப்புக் கதையில், பூமியைப் படைத்தவர் தம் மார்பிலிருந்து எடுத்த மண்ணில் முதன்முதலாக முளைத்தது இந்தப் புதர்தான். இலைகளை நீரில் கொதிக்க வைத்துப் புண் கழுவுவதும், சளி, மூட்டுவலி ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதும் ஓதம், கவியா முதலிய பல இனக்குழுக்களிடம் வழக்கமாக இருந்தது.

இன்னொரு பயன் நமக்குப் பழக்கமானது. இப்புதரின் கிளைகளில் வாழும் ஒருவகைச் செதிற்பூச்சி அரக்கு சுரக்கிறது. நம் நாட்டு அரக்குப் பூச்சிக்கு அது உறவு. பழங்குடியினர் அந்த அரக்கைச் சுரண்டி எடுத்து, சூடாக்கி, அம்பின் முனையைத் தண்டோடு ஒட்டவும் பானை விரிசலை அடைக்கவும் பயன்படுத்தினர். பாலைவனத்தில் மருந்தும் பசையும் ஒரே செடியில் கிடைத்தன.

அதே புதர், இரண்டு தீர்ப்புகள்

கிரியோசோட் எங்கும் ஒரே மாதிரி மதிக்கப்படவில்லை. நியூ மெக்சிகோவின் தெற்கே ஹோர்னாடா சமவெளியில் 1858-இல் நில அளவை செய்தவர்கள், எங்கே புல் செழித்திருக்கிறது, எங்கே புதர் இருக்கிறது என்று குறிப்பெழுதி வைத்தார்கள். அப்போது அது பெரும்பாலும் புல்வெளி. பின்னர் கால்நடைகள் பெருமளவில் மேய்க்கப்பட்டன. கடும் வறட்சிகளும் வந்தன. மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. பிசின் பூசிய கிரியோசோட் இலையைத் தொடவில்லை. வெறுமையான மண்ணைக் காற்றும் மழைநீரும் அரித்தன.

1912-இல் அங்கே ஓர் அரசு ஆய்வுப் பண்ணை நிறுவப்பட்டது. 1858-ஆம் ஆண்டுக் குறிப்புகளையும் 1963-ஆம் ஆண்டின் நிலையையும் ஒப்பிட்டு 1965-இல் வெளிவந்த ஆய்வு, புல்வெளியின் இடத்தைப் புதர்கள் பிடித்துக்கொண்டதைத் தெளிவாகக் காட்டியது. அங்குள்ள மேய்ச்சல்காரர்களுக்கு இது களை. வெட்டியும் களைக்கொல்லி தெளித்தும் ஒழிக்கப் பார்த்தார்கள். புதரை அகற்றிய இடங்களிலும் பழைய புல்வெளி எளிதில் மீளவில்லை. மேல்மண் ஏற்கெனவே அரித்துப் போயிருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

மேற்கே மொஹாவியில் தீர்ப்பு வேறு. அங்கே இது பாலைவனத்தின் முதுகெலும்பு. புதரின் அடியில் சருகும் மண்ணும் சேர்ந்து வளமான திட்டாகிறது. மழை பெய்த ஆண்டில் சிறு பூச்செடிகள் அந்தத் திட்டில்தான் முளைக்கின்றன. பாலைவன ஆமை புதரின் வேரடியில் வளை தோண்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இதன் பூவுக்கு வருகின்றன. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை தங்கள் குஞ்சுகளுக்கான மகரந்தத்தை இந்தப் பூவிலிருந்து மட்டுமே சேகரிப்பவை.

மூத்த வளையம்

ஒரு புதர் பல பத்தாண்டுகள் வளர்ந்தபின் நடுவிலுள்ள பழைய தண்டுகள் காய்கின்றன. அதே வேரடியின் வெளி விளிம்பிலிருந்து புதுத் தண்டுகள் கிளைக்கின்றன. நடுப்பகுதி மக்கி மறைய, வெளிப்பகுதி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே நகர்கிறது. நெடுங்காலம் கழிந்ததும் அங்கே ஒரு புதர் இருப்பதில்லை. நடுவில் வெறும் மணலும் சுற்றிலும் புதர்களின் வளையமும் இருக்கும். பார்ப்பவர் அவற்றைத் தனித்தனிச் செடிகள் என்று நினைப்பார். உண்மையில் அவை அனைத்தும் ஒரே விதையிலிருந்து வந்த ஒரே மரபு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகப் பேராசிரியர் ஃபிராங்க் வாசெக், லூசர்ன் பள்ளத்தாக்கில் இத்தகைய வளையங்களை ஆராய்ந்து 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். வளையத்தின் உள்ளே கிடைத்த பழைய மரத்துண்டுகளின் காலத்தைக் கார்பன் முறையில் கணித்து, வளர்ச்சி வேகத்தை அளந்தார். அதை வளையத்தின் அளவோடு பொருத்தியபோது மிகப் பெரிய வளையத்தின் வயது ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் என்று வந்தது. வளர்ச்சி வேகம் பெரிதாக மாறவில்லை என்ற அடிப்படையில் செய்யப்பட்ட மதிப்பீடு இது. 'கிங் குளோன்' என்று அழைக்கப்படும் அந்த வளையத்தின் நீண்ட பக்கம் சுமார் 20 மீட்டர். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற பிரிசில்கோன் பைன் மரமான மெதுசேலாவின் வயது ஏறத்தாழ 4,800 ஆண்டுகள் என்பதோடு ஒப்பிட்டால் இதன் முதுமை விளங்கும். இன்று அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக உள்ளது.

மருந்தாகவும் நஞ்சாகவும்

இலைப் பிசினில் நோர்டைஹைட்ரோகுவாயரெட்டிக் அமிலம் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. கொழுப்பு சிக்குவாடை அடிக்காமல் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. 1940-களில் இப்பொருள் கிரியோசோட் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, உணவுக் கொழுப்புகளில் கெடாப்பொருளாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் விலங்குச் சோதனைகளில் சிறுநீரகப் பாதிப்பு தெரியவந்ததால், 1968-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பாதுகாப்பான சேர்பொருள்களின் பட்டியலிலிருந்து இதை நீக்கியது.

ஆனால் 'சப்பரால்' என்ற பெயரில் இலைத்தூள் மாத்திரையாகவும் தேநீராகவும் விற்பனையானது. அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது. 1992-இல் இது குறித்து அதிகாரப்பூர்வ எச்சரிக்கை வெளியானது. பழங்குடி மருத்துவத்தில் அனுபவமுள்ளோர் அளவறிந்து பயன்படுத்திய ஒன்று, கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரையானபோது நஞ்சாயிற்று. இதை வளர்ப்பவர்கள் உள்ளுக்கு எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

வளர்க்கும் முறை

பாலைவனத்தில் ஒரு கன்று நிலைபெற என்னென்ன தேவையோ அவற்றைக் கையால் அமைத்துக் கொடுப்பதே இச்செடியை வளர்க்கும் முறை.

விதை: பூத்து முடிந்தபின் வெண்மயிர்க் காய்கள் உதிரத் தொடங்கும்போது சேகரிக்க வேண்டும். காயை உள்ளங்கையில் தேய்த்தால் ஐந்து பகுதிகளாகப் பிரியும். விதையைச் சுற்றியுள்ள உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. பாலைவனத்தில் நல்ல மழை பெய்தால்தான் அவை கரைந்து போகும். சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆகவே விதைகளை மணலோடு சேர்த்து மெதுவாகத் தேய்த்து, ஓர் இரவு முழுவதும் நீரில் ஊற வைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும்.

முளைப்பு: பெருமணல் மிகுந்த, நீர் உடனே வடியும் கலவையில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாமல் விதைக்க வேண்டும். சுமார் 23 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. எல்லா விதையும் முளைக்காது என்பதால் கூடுதலாக விதைக்க வேண்டும். வேர் விரைவாகக் கீழே இறங்கும்; எனவே ஆழமான தொட்டி நல்லது. முளைத்தபின் மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த நீர் ஊற்ற வேண்டும்.

நடவு: செடி சிறியதாக இருக்கும்போதே நிலையான இடத்தில் நட்டுவிட வேண்டும். நாள் முழுவதும் வெயில் படும் இடம் தேவை. சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணையும் தாங்கும். களிமண்ணையும் தேங்கும் நீரையும் தாங்காது. வேருக்குக் காற்று மிகுதியாக வேண்டும் என்பதே காரணம். வறட்சியால் இறக்காத செடி தண்ணீர் மிகுந்து இறந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் இது பெரும்பாலும் நிலைப்பதில்லை. செடிக்குச் செடி இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். இதன் வேர்கள் அருகிலுள்ள வேர்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முயல்கள் இளந்தண்டைக் கடிக்காமல் கம்பி வலை கட்டுவது அவசியம்.

பராமரிப்பு: முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி நீர் விட வேண்டும். வேர் பிடித்தபின் இயற்கை மழையே போதும். மாதம் ஒருமுறை நீர் கிடைத்தால் புதர் அடர்த்தியாகவும் பசுமையாகவும் இருக்கும். உரம் தேவையில்லை. வளைந்து வற்றிய பழம்புதரைத் தரையோடு வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். காட்டில் வளர்ந்த பெரிய புதரைப் பெயர்த்து வந்து நடுவது பெரும்பாலும் தோல்வியில் முடிகிறது. தண்டுப்பதியனும் எளிதல்ல. நாற்றங்காலில் விதையிலிருந்து வந்த கன்றே நம்பத்தக்கது.

இப்படி வளர்ந்த செடி வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும். மழைத்துளி விழுந்ததும் இலைப் பிசினிலிருந்து கிளம்பும் மணம் சுற்றிலும் பரவும். சொனோரா பாலைவனத்து மக்களுக்கு மழையின் மணம் என்றால் அது இதுதான்.

அழிவும் மீட்சியும்

1942-இல் ஜெனரல் ஜார்ஜ் பாட்டனின் தலைமையில் மொஹாவி, சொனோரா பாலைவனங்களில் ஒரு மாபெரும் போர்ப் பயிற்சிக் களம் தொடங்கப்பட்டது. வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போருக்காக டாங்கிப் படைகள் அங்கே பயிற்சி பெற்றன. 1944-இல் களம் மூடப்பட்டது. டாங்கிகள் ஓடிய தடங்களையும் முகாம்களின் தெருக்களையும் இன்றும் அங்கே காணலாம். இரண்டு ஆண்டு வேலையின் தழும்பு எண்பது ஆண்டுகளாகியும் ஆறவில்லை. குழாய்ப் பாதைக்காக வெட்டப்பட்ட புதர்நிலங்களை 1970-களில் ஆராய்ந்த வாசெக் குழுவினரும் மீட்சி மிக மெதுவானது என்றே கண்டனர்.

இன்று வேறு ஆபத்துகள் வந்துள்ளன. வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்பு புரோம் போன்ற புற்கள் புதர்களுக்கு இடையிலிருந்த வெற்று மண்ணை நிரப்பிவிட்டன. அவை காய்ந்ததும் தீ ஒரு புதரிலிருந்து மறுபுதருக்குத் தாவ வழி கிடைக்கிறது. நெருப்புக்குப் பழகாத கிரியோசோட் எரிந்தபின் பெரும்பாலும் தழைப்பதில்லை. மறுபுறம், சூரிய மின் நிலையங்களுக்குப் பரந்த சமநிலம் தேவைப்படுகிறது. மொஹாவியில் 2014-இல் இயங்கத் தொடங்கிய இவன்பா சூரிய மின் நிலையம் சுமார் 3,500 ஏக்கரில் அமைந்தது. அங்கிருந்த ஆமைகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. புகையில்லாத மின்சாரம் உலகுக்குத் தேவை. ஏற்கெனவே சிதைந்த நிலங்களிலும் கட்டடக் கூரைகளிலும் அதை முதலில் பெறலாமே என்று பாலைவன ஆர்வலர்கள் கேட்கிறார்கள்.

சிதைந்த இடங்களில் நாற்று நட்டு மீட்கும் பணிகள் நடக்கின்றன. விதையை ஊற வைத்து, தொட்டியில் வளர்த்து, வலை கட்டி, முதல் கோடையைக் கடக்க வைப்பது என மேலே சொன்ன அதே முறைதான் அங்கும். நட்டவர்கள் தம் வாழ்நாளில் ஒரு நல்ல புதரைப் பார்க்கலாம். வளையத்தைப் பார்க்க முடியாது. கிங் குளோனின் விதை முளைத்தபோது உலகில் எழுத்து இல்லை, நகரம் இல்லை. அத்தகைய ஒன்றை வெட்டிச் சாய்க்க ஒரு புல்டோசருக்குச் சில நிமிடங்கள் போதும் என்பதால்தான், புதிதாக நடுவதைவிட இருப்பதை விட்டுவைப்பதே இச்செடியைப் பொறுத்தவரை முதல் வளர்ப்பு முறையாகிறது.